பல்கலைக்கழகப் படிப்பை இழந்த பின் ஓராண்டு இடைவெளி எடுக்கலாமா?

இரண்டாம் வருடத்தில் பதிவு நீக்கப்பட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியிருக்கும் நீங்கள், உடனே வேறு கற்கைநெறியில் சேர்வதா, சிறிது காலம் ஓய்ந்திருப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்ந்திருக்கலாம் என்பதே என் கருத்து; ஆனால் முதலில் உங்களுக்கு வந்த கடிதத்தை நிதானமாக வாசியுங்கள். மேன்முறையீட்டுக்கு இடமிருந்தால், அதற்கான கெடு உங்கள் ஓய்வு முடியும்வரை காத்திருக்காது.

நானும் அவ்வாறு வீடு திரும்பியவன்தான். முதல் மூன்று மாதங்கள், "என்ன தம்பி, கம்பஸ் லீவோ?" என்று கேட்பவர்களுக்குப் பயந்து, களுவாஞ்சிகுடிச் சந்தையிலிருந்து மரக்கறிப் பையுடன் பின்வீதியால் சுற்றி வருவேன். அந்த மாதங்களை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேளாண்மை வெட்டுக் காலத்தில் மாமாவின் நெல் மூட்டைகளுக்குக் கணக்கெழுதப் போய், கொப்பியில் கூட்டல் ஒருநாளும் பிசகாததைக் கண்டபோதுதான், விரிவுரைகளுக்குப் போகாமல் விட்டதே என்னைத் தோற்கடித்தது என்று ஒப்புக்கொள்ள முடிந்தது.

ஆகவே இடைவெளியில் ஏதேனும் வேலை இருக்கட்டும். அது எவ்வளவு சிறியதென்றாலும் பரவாயில்லை. திரும்பிப் படிக்க வழிகள் உண்டு. 1980இல் தொடங்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையம் மட்டக்களப்பிலும் இருப்பதால், வேலையோடு படிக்கலாம். இன்னொரு வழி, தொழில் திறனுக்கு வழங்கப்படும் தேசிய தொழில் தகைமை (NVQ); அதன் 7 மட்டங்களில் 5உம் 6உம் டிப்ளோமாக்கள், 7 பட்டத்துக்குரியது. வீட்டாரிடம் மட்டும், திரும்பத் தொடங்கும் மாதத்தை இப்போதே சொல்லிவிடுங்கள். அப்பாமார் தேதியில்லாத ஓய்வைச் சோம்பல் என்றே எண்ணுவார்கள்.