குழந்தைகளுக்கான மருந்து ஆராய்ச்சியை நாடு முழுக்கச் சேர்ந்து ஏன் செய்ய வேண்டும்?

பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் போதாதா, தனி ஆராய்ச்சி எதற்கு என்று மண்டபம் ஊரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. பச்சிளங்குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் முழுதாக முதிர்ந்திருக்காது, அதனால் எடையை மட்டும் வைத்து அளவைக் குறைக்க முடியாது. 1950களில் குளோராம்பெனிகால் என்ற கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் சிலர் உடல் சாம்பல் நிறமாகி இறந்தார்கள். அந்த மருந்தை வெளியேற்ற அவர்கள் உடலால் முடியவில்லை.

சரி, நாடு தழுவிய கூட்டு எதற்கு? ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் சாயல்குடி வரை தேடினாலும் ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். அவர்களை மட்டும் வைத்து எந்தச் சிகிச்சை மேல் என்று சொல்லவே முடியாது. அதனால்தான் சென்னை அடையாறு, மும்பை, டெல்லி, சண்டிகர், கொல்கத்தா மருத்துவமனைகள் ‘ஐசிகிள்’ என்ற குழுவாகச் சேர்ந்து ஒரே சிகிச்சைத் திட்டத்தில் ஆய்வு செய்தன.

காசநோயில் பலன் கண்கூடு. ‘ஷைன்’ ஆய்வில் இந்தியாவிலும் மூன்று ஆப்பிரிக்க நாடுகளிலுமாக 1,204 குழந்தைகள் சேர்ந்தார்கள். சென்னையும் ஒரு மையம். நோய் தீவிரமில்லாத பிள்ளைகளுக்கு ஆறு மாத மருந்துக்குப் பதில் நான்கு மாதமே போதும் என்று தெரிந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் அதை வழிகாட்டுதலில் சேர்த்தது. கடலுக்குப் போய்ப் பிழைக்கும் குடும்பத்துக்கு இரண்டு மாத மாத்திரை குறைவது எவ்வளவு பெரிய நிம்மதி!

ராமநாதபுரத்திலும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இப்படிப்பட்ட கல்லூரிகளையும் கூட்டில் சேர்த்தால், பாம்பன் குழந்தையின் தொடர் பரிசோதனையை இங்கேயே செய்யலாம். அப்புறம், ஆய்வில் சேரச் சம்மதம். பெற்றோர் மட்டுமல்ல, 7 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு அவர்களுக்குப் புரியும் தமிழில் பொறுமையாக விளக்க ஆள் வேண்டும்.