அருங்காட்சியக இணையதளம்: முகப்புக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேள்வி: சிறிய ஓவிய அருங்காட்சியகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பழைய இணையதளத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முகப்பில் பெரிய ஸ்லைடு ஷோ வேண்டும் என்கிறார் இயக்குநர். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முகப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கூகுளில் ஓவியர் பெயரையோ ஓவியத்தின் பெயரையோ தேடுகிறவர் நேராக அந்த ஓவியத்தின் பக்கத்தில் வந்து இறங்குவார், முகப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார், அவருக்கு அந்த ஒரு பக்கம்தான் உங்கள் அருங்காட்சியகம்.

சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட் தளத்தில் ஜார்ஜ் சோராவின் 'லா கிராந்த் ஜாத்' ஓவியத்தைத் திறந்து பாருங்கள். பெரிதாக்கினால் தூரிகைப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிகின்றன. கான்வாஸில் எண்ணெய் வண்ணம், 207.5 × 308.1 செ.மீ., பதிவு எண் 1926.224, கூடம் 240 என்று எல்லாமே அங்கே இருக்கிறது. ஓவியம் இப்போது காட்சியில் இருக்கிறதா என்ற தகவலை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், வெளியூரிலிருந்து அதைப் பார்க்கவே கிளம்பி வருகிறவர்கள் உண்டு.

இந்த மாதிரிப் பக்கம் வேண்டுமென்றால் முதல் வேலை எக்செலில், உங்கள் ஓவியங்களின் பட்டியலில்தான். ஒரே ஓவியரின் பெயர் மூன்று விதமாக இருக்கும், ஒரு படத்துக்கு அளவு அங்குலத்தில், அடுத்ததற்கு சென்டிமீட்டரில். டிசைனரைக் கூப்பிடும் முன்பே உட்கார்ந்து சரிசெய்துவிடுங்கள், அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டால் புதுத் தளத்திலும் அதே குழப்பம்தான் வரும்.

அப்புறம் படங்களின் உரிமை. ஓவியம் உங்கள் சுவரில் தொங்குவதால் மட்டும் காப்புரிமை உங்களுடையதாகிவிடாது. இந்தியச் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். ரவி வர்மா 1906-ல் மறைந்தவர், தாராளமாகப் போடலாம். கே.சி.எஸ். பணிக்கர் 1977-ல் மறைந்தார், அவர் படைப்புகளுக்கு 2037 முடியும்வரை உரிமையாளரின் அனுமதி வேண்டும். உரிமைச் சிக்கல் இல்லாத படங்களை நல்ல தரத்தில் இலவசமாகவே கொடுத்துவிடுங்கள். நியூயார்க் மெட் அருங்காட்சியகம் 2017-ல் சுமார் 3,75,000 படங்களை அப்படித் திறந்துவிட்டது.

பழைய பக்கங்களின் முகவரிகளைப் பட்டியலெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட், அதாவது பழைய முகவரியைத் திறப்பவரைத் தானாகவே புதிய முகவரிக்கு அனுப்பும் நிரந்தர ஏற்பாடு, போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் விக்கிப்பீடியாவிலிருந்து வரும் இணைப்புகள்கூட அறுந்துவிடும்.

ஸ்லைடு ஷோ? ஒரே ஒரு நல்ல படம், பக்கத்திலேயே இன்றைய நேரம், கட்டணம், வரும் வழி. இதை மொபைலில் திறந்து இயக்குநரிடம் காட்டுங்கள், ஒப்புக்கொள்வார் என்றே நினைக்கிறேன். தளத்தை உருவாக்குபவரோடு கையெழுத்துப் போடும் முன், எப்போது கேட்டாலும் முழுத் தரவையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கக்கூடிய எளிய அட்டவணைக் கோப்பு) தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.