ஆற்றை மீட்பது என்றால் என்ன? சுவர் கட்டினால் போதாதா?

தண்ணீர் ஓடவும் பரவவும் ஊறவும் ஆற்றுக்கு இருந்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் மீட்பு. சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறையே பாருங்கள். மலையில் கொட்டும் மழை சரிவில் விறுவிறுவென இறங்கும். கீழே கரையும் தரையும் கான்கிரீட் என்றால் வேகம் குறையாது, குறுகலான பாலத்தில் முட்டித் தெருவுக்குள் ஏறும்.

ஒரு குடம் தண்ணீரைச் சிமெண்டு முற்றத்தில் கொட்டினால் வாசல்வரை ஓடும். தென்னை மரத்துப் பாத்தியில் ஊற்றினால் அங்கேயே நின்று ஊறும். மண்கரை, புல், வழியிலுள்ள ஏரிகள் எல்லாம் ஆற்றின் பாத்திகள்.

சேலம் கன்னங்குறிச்சியில் உள்ள மூக்கனேரியில் தோண்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டார்கள், பறவைகள் வந்தன. ஆற்றங்கரையில் நடைபாதை போடுவது அப்புறம்தான், ஆற்றில் கலக்கும் சாக்கடையை நிறுத்தாமல் போட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கணும்.

தூர்வாருவதே மீட்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆழத்தை மட்டும்தான் கூட்டும், அடுத்தடுத்த மழையில் மண் மறுபடி வந்து சேரும்.