ஆயிலை நானே மாற்றலாமா?

கேள்வி: எங்களிடம் இருப்பது 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட். இன்ஜின் ஆயிலை வீட்டிலேயே மாற்ற ஆசை. ஸ்டெப்னி மாற்றும் ஜாக்கி போதுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தாராளமாக மாற்றுங்கள் சகோதரி. ஆனால் அந்த ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். அது சரிந்தால் உயிர் போகும். சமதரை, பின் சக்கரத்துக்குக் கட்டை, முன்பக்கம் இரண்டு ஜாக் ஸ்டாண்ட் (தூக்கிய வண்டியைத் தாங்கும் உறுதியான இரும்புத் தாங்கி). இவை இல்லையென்றால் வேலையே வேண்டாம்.

இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணையுங்கள். வெதுவெதுப்பான ஆயில் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். அடியில் ஆயில் வடியும் துளையை மூடியிருக்கும் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்த பிறகு, அதற்குப் புது வாஷர் போட்டு மாட்டுங்கள். முரட்டுத்தனமாக முறுக்கினால் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மரை போய்விடும்.

அப்புறம் ஆயிலை வடிகட்டும் ஃபில்டர். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன் மேலேயே புதியதை மாட்டினால், ஸ்டார்ட் செய்ததும் அழுத்தத்தில் ஆயில் பீறிடும். அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துத் துடையுங்கள். புது வளையத்தில் சொட்டு ஆயில் பூசி, கையாலேயே இறுக்குங்கள்.

உங்கள் இன்ஜினுக்கு 3 லிட்டரை ஒட்டிப் பிடிக்கும். கார் கையேட்டில் உள்ள ஆயில் கிரேடையே வாங்குங்கள். சற்றுக் குறைவாக ஊற்றி, ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பார்த்துத் தேவையானதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள மேல் குறியைத் தாண்ட வேண்டாம்.

பழைய ஆயிலைத் தயவுசெய்து சாக்கடையில் கொட்டாதீர்கள். 2016ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு. கேனில் மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.