ஆபரேஷன் காற்றுக்கசிவுக்குத்தான், ஆஸ்துமாவுக்கு இல்லை

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பாலிடெக்னிக்கில் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே கடுமையான இளைப்பு. போன வருடம் நுரையீரலில் காற்று கசிந்து வலது நெஞ்சில் குழாய் போட்டார்கள். இப்போது அதே பக்கம் மறுபடியும். ஆறு நாளாகக் குழாயோடு கிடக்கிறான். ஆபரேஷன் வேண்டும் என்கிறார் டாக்டர். நுரையீரலையே எடுத்துவிடுவார்களா? ஆபரேஷன் செய்தால் ஆஸ்துமாவும் போய்விடும், சென்னையில் 'பேக்கேஜ்' பேசித் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? – ஒரு தாய், உசிலம்பட்டி.

பதில்: அம்மா, நுரையீரலை எடுக்க மாட்டார்கள். முதலில் அந்தப் பயத்தை விடுங்கள்.

இளைப்பு முற்றும்போது காற்று உள்ளே போய்விடும், வெளியே வரத்தான் வழி இருக்காது. நுரையீரலின் மேல்நுனியில் சிலருக்குச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும். உள்ளே அடைபட்ட காற்றின் அழுத்தத்தில் அதில் ஒன்று வெடித்தால், காற்று நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவே புகுந்து நுரையீரலை அமுக்கிவிடும். இந்தக் காற்றை வெளியேற்றத்தான் குழாய். முதல் தடவை என்றால் பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். அப்படி வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்பவும் வரும். அதே பக்கம் இரண்டாவது தடவை வந்தாலும் ஆபரேஷன் யோசிக்க வேண்டும், ஐந்து நாளாகியும் கசிவு நிற்காவிட்டாலும் யோசிக்க வேண்டும். உங்கள் மகனுக்கு இரண்டுமே இருக்கிறது. டாக்டர் சொன்னது சரி, தள்ளிப்போடாதீர்கள்.

விலா இடுக்கில் இரண்டு மூன்று சிறு துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்து, கொப்புளம் உள்ள நுனியை மட்டும் ஸ்டேப்ளரால் நறுக்கி மூடுவோம். அப்புறம் நெஞ்சுக்கூட்டின் உள்உறையைச் சுரண்டிவிடுவோம். அந்தப் புண் ஆறும்போது நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கசிந்தாலும் காற்று தேங்க இடம் இருக்காது.

அந்தக் குழாயின் மறுமுனை இருக்கும் தண்ணீர் பாட்டிலைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மகன் இருமும்போது தண்ணீருக்குள் குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால் கசிவு நிற்கவில்லை என்று அர்த்தம். குமிழி வரும்போது குழாயை யாரும் கிளிப் போட்டு அடைக்கக் கூடாது. ஸ்கேனுக்குக் கூட்டிப் போகும்போது, "தண்ணீர் சிந்திவிடும்" என்று அடைத்துவிட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள். கசியும் காற்று போக வழியில்லாமல் உள்ளே சேர்ந்து இதயத்தையே நெருக்கும். வேறொரு மருத்துவமனையிலிருந்து அப்படி அடைத்த குழாயோடு ஒரு பையனை என்னிடம் அனுப்பினார்கள். வந்து சேரும்போது உதடு நீலம் பாய்ந்திருந்தது. கிளிப்பை எடுத்த நொடியில் பாட்டில் கொதிப்பது போலக் குமிழி விட்டது. இன்று வரை எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்கட்டும். யாராவது தூக்கிக் கட்டில் மேல் வைத்தால், 'கீழே வையுங்கள்' என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். கடுமையான இளைப்புக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குக் கழுத்தும் முகமும் வீங்கும். தொட்டால் தோலுக்கடியில் அப்பளம் நொறுங்குவது போல நறநறக்கும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். காற்று நெஞ்சின் நடுப்பகுதி வழியாக மேலேறி வந்திருக்கிறது, அவ்வளவுதான். உடனே எக்ஸ்ரே எடுத்து, காற்று நுரையீரலை அமுக்கவில்லை என்று உறுதியானால், ஆக்சிஜனும் இளைப்புக்கான மருந்தும் போதும். சில நாளில் தானாக வடிந்துவிடும். அதற்குக் கத்தி வேண்டியதில்லை. இந்த வீக்கத்தைக் காட்டிப் பயமுறுத்தி ஆபரேஷனுக்குப் பணம் கட்டச் சொன்னால், கட்டுவதற்கு முன் வேறொரு நெஞ்சக மருத்துவரிடம் படத்தைக் காட்டுங்கள்.

சரி, அந்தப் 'பேக்கேஜ்' ஆசாமி. ஆபரேஷன் செய்தால் ஆஸ்துமா போகும் என்று சொன்ன வாயை நம்பாதீர்கள். ஆஸ்துமா மூச்சுக்குழாய் முழுக்கப் பரவிய அழற்சி. நுனியை நறுக்குவதால் அது எப்படிப் போகும்? மதுரை கோரிப்பாளையம் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து அட்டெண்டர்களிடம் கண்ணீரோடு நிற்கிறவர்களைத் தேடிப் பிடிக்கும் கமிஷன்காரர்களை நான் தினமும் பார்க்கிறேன். உசிலம்பட்டியிலிருந்து இதற்காகச் சென்னை போக வேண்டாம். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலேயே இதய நெஞ்சக அறுவைப் பிரிவு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கார்டு எடுத்துத் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள், கலெக்டர் ஆபீசில் இலவசமாக எடுக்கலாம். வருமானச் சான்றிதழ், ஒப்புதல் என்று அந்தக் காகிதம் மேசை மேசையாக நகர்வதற்குள் நெஞ்சில் குழாயோடு பிள்ளைகள் நாள் எண்ணிக் கிடக்கிறார்கள். இந்தத் தாமதத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். அதனால் இன்றே வார்டில் இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் போய்க் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் இன்ஹேலரை நிறுத்தாதீர்கள். 'ஆபரேஷன்தானே, இனி எதற்கு' என்று நிறுத்திவிட்டு வருகிறவர்கள் அதிகம். இளைப்போடு மயக்கம் கொடுப்பது ஆபத்து, தேதியும் தள்ளிப்போகும். பக்கத்துக் கிளினிக்கில் இளைப்புக்குப் போட்ட ஊசி, வாங்கித் தின்ற சின்ன வெள்ளை மாத்திரை எல்லாவற்றின் சீட்டையும் எடுத்துப் போங்கள். அது ஸ்டீராய்டாக இருந்தால் மயக்க மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். வலி மாத்திரை சாப்பிட்டு எப்போதாவது இளைப்பு கூடியிருந்தால் அதையும் சொல்லுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு போடும் வலி ஊசியில் அந்த வகை வராமல் பார்த்துக்கொள்வோம்.

குழாய் எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதமாவது கனம் தூக்கக் கூடாது. பீடி, சிகரெட் வாடையே ஆகாது. விமானப் பயணம் என்றால் எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுதாக விரிந்து குறைந்தது ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், டாக்டரும் சரி சொல்ல வேண்டும். திடீரென ஒரு பக்கம் நெஞ்சு குத்தி, இன்ஹேலர் அடித்தும் மூச்சு அடங்கவில்லை என்றால், ஆரப்பாளையம் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் முதல் வார்த்தையாக, 'ஏற்கெனவே இரண்டு தடவை காற்று கசிந்த பையன், வலது பக்கம்' என்று சொல்லுங்கள்.