புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏன் நாலு மாதத்தில் கிளம்பிவிடுகிறார்கள்?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 30 பேர் வேலை செய்கிறோம். போன வருடம் சேர்ந்த 6 பேரில் 4 பேர் நாலு மாதத்துக்குள் விலகிவிட்டார்கள். சம்பளத்தில் குறை இல்லை. முதல் நாள் வரவேற்பு, பயிற்சி எல்லாம் உண்டு. எங்கே தவறுகிறோம்?

பதில்: முதல் நாளை நன்றாகவே நடத்துகிறீர்கள். இரண்டாம் நாளிலிருந்து என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஓர் அலுவலகத்தில் நான் பார்த்தது இது. சேர்ந்து ஒன்பது நாளான ஒரு பெண், குழுவின் சாட்டில் ஒரு சந்தேகத்தை டைப் செய்தார், அழித்தார், மறுபடி டைப் செய்தார், கடைசியில் அனுப்பாமலே மூடிவிட்டார். சாயங்காலம் அந்த வேலை தப்பாகவே முடிந்தது. ஏன் கேட்கவில்லை என்று அப்புறம் விசாரித்தேன். முந்தின நாள் வேறொருவர் கேட்டதற்கு, மூத்தவர் ஒருவர் "இதுகூடத் தெரியாதா?" என்று பதில் போட்டிருந்தாராம். தயங்காமல் கேளுங்கள் என்று கையேட்டில் அச்சடித்திருந்தது. அவர் நம்பியது சாட்டில் பார்த்ததைத்தான்.

மருத்துவமனைக் குழுக்களை 1990களில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில் மருந்து தருவதில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தன. அந்தக் குழுக்களில் தவறை ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதே அதற்குக் காரணமாகத் தெரிந்தது. இப்படிப் பயமில்லாமல் பேசலாம் என்று குழுவில் இருக்கும் நம்பிக்கையை 'உளவியல் பாதுகாப்பு' என்கிறார்கள். உங்களிடம் குறைவது இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? புதியவருக்கு ஒரு துணை வேண்டும். அவர் மேலாளராக இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு வருடம் முன்பு சேர்ந்தவராக இருந்தால் நல்லது, தான் திணறிய இடங்கள் அவருக்கு இன்னும் மறந்திருக்காது. அவருடைய சொந்த வேலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் புதியவரைச் சுமையாகத்தான் பார்ப்பார்.

கணினி, லாகின் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்கட்டும். முதல் வாரத்திலேயே, சின்னதானாலும் பரவாயில்லை, தொடங்கி முடிக்கிற மாதிரி ஒரு நிஜ வேலை கொடுங்கள்.

மூன்று மாதம் வரை மேலாளர் வாரம் அரை மணி நேரம் புதியவரோடு உட்கார வேண்டும். "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டால் "ஓகே சார்" என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள்.

எரிந்து விழும் மூத்தவர் உங்கள் குழுவிலும் இருந்தால், தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். வேலையில் கெட்டிக்காரர் என்பதற்காக அவரை விட்டுவைத்தால், உங்கள் நிறுவனத்தின் உண்மையான விதி அதுவே என்று எல்லோரும் புரிந்துகொள்வார்கள்.

அதற்கெல்லாம் முன்பு, மிச்சமிருக்கும் அந்த 2 பேரிடம் பேசுங்கள். விட்டுப் போய்விடலாம் என்று அவர்களும் நினைத்த நாள் உண்டா, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். சமாதானம் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னதில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் மாற்றிக் காட்டுங்கள்.