முகநூல் பதிவுக்கு 17(பி) மெமோ: வேலை போய்விடுமா?

உங்கள் தம்பி அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர், முகநூலில் ஒரு சமூகத்தை இழிவாகப் பேசும் மீமைப் பகிர்ந்தார், மறுநாளே நீக்கிவிட்டார், இப்போது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 17(பி) பிரிவில் குறிப்பாணை, அதாவது குற்றச்சாட்டு மெமோ, வந்திருக்கிறது என்கிறீர்கள். உடனே வேலை போகாது. அரசியல் சாசனப் பிரிவு 311(2)-இன்படி, பொதுவாக விசாரணை நடத்தாமல் பணிநீக்கம் செய்ய முடியாது. ஆனால் 17(பி) பணிநீக்கம் போன்ற பெருந்தண்டனைக்கான பிரிவு, சிறுதண்டனைக்கான 17(ஏ) போல லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதலில், குறிப்பாணையில் சொன்ன நாளுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். அதில் வாய்மொழி விசாரணை (சாட்சிகளை நேரில் விசாரிப்பது) வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பலர் வெறும் மன்னிப்புக் கடிதம் கொடுக்கிறார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு விசாரணையில் பேச எதுவும் மிஞ்சாது. பகிர்ந்தது உண்மையென்றால் மறுக்கவும் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் நிச்சயம் இருக்கும். எப்போது நீக்கினார், அலுவலக நேரமா, கணக்கில் பதவிப் பெயர் இருந்ததா, இதுவரை தண்டனை உண்டா என்பதையெல்லாம் எழுதுங்கள். தண்டனையின் அளவு இதில்தான் குறையும். விசாரணை அறிக்கையின் நகலை வாங்காமல் இறுதி விளக்கம் கொடுக்காதீர்கள்.

2020-இல் திரிபுரா உயர் நீதிமன்றம் அரசு ஊழியருக்கும் கருத்துரிமை உண்டு என்றது. அந்த வழக்கை இங்கே பெரிதாக நம்ப வேண்டாம், அது அரசியல் கருத்து பற்றியது. என் பார்வையில் அரசை விமர்சித்ததற்கு வேலையைப் பறிப்பது அநியாயம். ஆனால் மனு கொண்டு வரும் மக்களையே இழிவுபடுத்தினால், அவர்கள் அந்த மேசையை எப்படி நம்புவார்கள்? இதற்குத் தண்டனை வேண்டும்தான். முதல் தவறு என்பதால் ஊதிய உயர்வு நிறுத்தம் போதும், பணிநீக்கம் அதிகம்.